தலகணையோடு வயலுக்குப் போன மீராசா

கல்முனைக் கடைத்தெருவில் மீராசா என்று கேட்டால் "எந்த மீராசா?" என்பார்கள். மைமூனாட மாப்புள என்று கேட்டால் பால் குடிக்கிற பிள்ளையும் கையை நீட்டி வீட்டைக் காட்டும். அது குறைவான பேச்சும் அல்ல. அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. ஆண் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேருகிறவன். மீராசாவின் வாப்பா அப்படி வந்தவர், அவருடைய வாப்பாவும் அப்படி வந்தவர். மீராசாவும் மருதமுனையில் பிறந்து மைமூனாவின் வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் வீடு மூத்த மகளுக்குப் போய்விட்டது. மீராசாவும் மைமூனாவும் இளைய மகள் நதீராவும் குசினிப் பக்கத்து அறைக்கு ஒதுங்கினார்கள்.

பெரிய சூறாவளி அடித்து மூன்றாம் வருசம். வெளிநாட்டுச் சாமான் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம். மீராசாவின் கடையில் அரிசி மூட்டை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் செருப்பு. வீட்டுக்குப் போனால் மூத்த மருமகன் மசூர் சவூதியிலிருந்து கொண்டுவந்த பாட்டுப்பெட்டி. விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வரும்போதே அது தொண்டையைத் திறந்துவிடும்.

இதையெல்லாம் மீராசா பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் வீட்டு வளவு நிறைய மல்லிகை பூத்துக் கொட்டும் மனிசி ஒருத்தி கடைக்கு வந்து பிளாஸ்டிக் றோசாப்பூவை ஆசையோடு பொறுக்கி எடுத்தாள். அதைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்த கையோடு மீராசாவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ அறுந்தது. ஐம்பது வயது தாண்டியாயிற்று. வாளி விற்கவா அல்லாஹ் அனுப்பினான் என்று நினைத்தார்.

சம்மாந்துறைக்கு அப்பால் புளியடி வட்டையில் அவர்களுக்கு நெற்காணி இருந்தது. காணிக்கு நடுவே ஒரு திடல். வெள்ளம் வந்தாலும் தாழாத மேட்டு நிலம். அதில் ஒரு புளியமரம், காவலுக்கு ஒரு ஓலைக் குடிசை வாடி, பக்கத்தில் வாய்க்கால். போகும்போதெல்லாம் மீராசா அங்கே பூசணிக் கொட்டை ஊன்றி வைத்திருந்தார். கடைச் சாவியை மசூரிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்கு வந்தார். மைமூனா மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் திடலுக்குப் போறன்."

"போயிட்டு வாங்க. அந்திக்கு ஆணம் ஆக்கி வைக்கன்."

"அந்திக்கு வாறல்ல. அங்கயே இரிக்கப் போறன். மனசு நெறயிற வரைக்கும்."

மைமூனா தலை நிமிரவில்லை. "அப்ப ரெண்டு தேங்காய் எடுத்துப் போங்க. மனசோட வயிறும் நெறயோணுமே."

"வேணாம். கடையிலயும் ஊட்டிலயும் ஒண்டும் எடுக்கமாட்டன். மண்ணு தாறதத் திண்டு, வாய்க்கால் தாறதக் குடிச்சி இரிப்பன்."

"உப்பையும் மண்ணா தரும்?"

மீராசா யோசித்துவிட்டு உப்பு எடுத்துக்கொண்டார். வாசல் கடப்படிவரை போனவர் திரும்பி வந்து தேயிலை எடுத்தார். மறுபடி வந்து சீனி எடுத்தார். மூன்றாம் முறை வந்தது தலகணைக்கு. மற்றவருடைய தலகணையில் படுத்தால் அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதைச் சைக்கிள் கரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, கடைத்தெரு நீளத்துக்கும் சலாம் சொல்லிக்கொண்டு சந்தோசமாகப் போனார்.

சலாத்துக்குப் பதில் சொன்னவர்கள் எவரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அங்கேதான் பிழை நடந்தது. கட்டில், அலுமாரி, கதிரை, கோப்பை எல்லாமே பெண் வீட்டுச் சாமான்தான் அந்த ஊரில். பொஞ்சாதியோடு கோவித்துக்கொண்டு வெளியேறுகிற ஆணுக்குத் தன்னுடையது என்று தூக்கிப் போக இருப்பது தலை அழுத்திய தலகணை ஒன்றுதான். பகல் லுஹருக்குப் பாங்கு சொல்வதற்குள் மீராசா மைமூனாவை விட்டுவிட்டுப் போன கதை கல்முனை முழுக்கப் பரவி, அடுத்த பஸ்ஸில் ஏறி அக்கரைப்பற்றுக்கும் போய்விட்டது.

இது எதுவும் தெரியாமல் மீராசா திடலில் ராசா போல இருந்தார். காற்று நெற்பயிரைத் தடவிக்கொண்டு வரும்; கொக்கு இறங்கும், எழும்பும்; கேட்பதற்கு ஆளில்லாமல் தனக்குத்தானே சிரிப்பார். மீன் பிடிக்கலாம் என்று தூண்டில் போட்டார். முதலில் மாட்டிய கெளுத்தி கையில் முள்ளை ஏற்றிவிட்டு வாய்க்காலுக்கே போய்விட்டது. வாடியில் திரிந்த கோழி எங்கேயோ முட்டையிட்டு வந்து கொக்கரித்தது. முட்டையைக் கண்டுபிடித்தது கீரி. பூசணிக்காய் மட்டும் குறையில்லாமல் காய்த்தது. காலையில் அவித்த பூசணி, பகலில் பூசணி ஆணம், அந்திக்கு மிஞ்சியது. அரிசிக்கு இன்னும் வயல் பச்சையாக நின்றது.

பக்கத்து வயல் சீனித்தம்பி என்ன நடக்கிறது என்று புதினம் பார்க்க வந்தான். வரம்பில் குந்தி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, அண்ணன் முறை வைத்துக் கேட்டான்:

"காக்கா, கடையில இப்ப என்ன புதுச்சாமான் வந்திரிக்கு? சிவப்புக் குடம் வந்தெண்டா ஒண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்க. வீட்டில அன்னப்பிள்ள என்னைய விடுறாளில்ல."

"இந்த மண்குடத்துத் தண்ணியக் குடிச்சிப் பாரு சீனித்தம்பி, தேன்."

"தேன்தான். ஆனா உடைஞ்சா போச்சே," என்று சீனித்தம்பி பாதிக் குடத்தைக் குடித்துவிட்டு இரண்டு பூசணிக்காயோடு போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஷரிபுதீன் மரைக்கார் குடையை ஊன்றி ஊன்றி வரம்பால் வந்தார். குடும்பச் சண்டைகளைத் தீர்த்து வைப்பதில் பேர் போனவர். வாடிக்குள் வந்து, தனியாகக் கிடந்த தலகணையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"மீராசா, பிழையா நெனைக்காத. ஊட்டில என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்ல மரைக்கார்."

"குறை இல்லாம ஆம்புள தலகணையத் தூக்குவானா?"

"நான் அமைதி தேடி வந்தன்."

"அப்ப ஊட்டில அமைதி இல்ல."

"அது மசூர்ட பாட்டுப்பொட்டி..."

"மருமகனோடயும் சரியில்ல."

"அவன் நல்ல புள்ள மரைக்கார்! கடையே அவன்ட கையிலதான்!"

"கடையயும் எடுத்திட்டானா? யா அல்லாஹ்!"

மீராசாவுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் மரைக்கார் வந்த காரியத்தைச் சொன்னார். நதீராவுக்கு அக்கரைப்பற்றில் சல்மா உம்மாவின் மகனைப் பேசி, எல்லாம் கைகூடி வந்திருந்தது. அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர், தங்கமான பிள்ளை. இப்போது சல்மா உம்மா ஆள் அனுப்பிவிட்டார்: பெத்ததுகள் ரெண்டும் பிரிஞ்ச ஊட்டுக்கு எங்கட புள்ளையக் குடுக்க ஏலா.

"மைமூனாக்கிட்டயும் கேட்டன். 'அவர் பூசணிக்காய் பாக்கப் போனவர்' எண்டா. பாவம், மானத்த மறைக்கிறா. நதீரா சோத்தப் பிசஞ்சி பிசஞ்சி வெச்சிட்டு எழும்புறாளாம்."

மீராசாவின் முகம் கறுத்துப்போயிற்று. எழும்பிப் பாயைச் சுருட்டினார். "நடங்க மரைக்கார். இப்பவே வாறன்."

"இரு! இப்ப நீ என்னோட வந்தா, மரைக்கார் போய்ச் சேத்து வெச்ச எண்டு ஊர் சொல்லும். சேத்து வெச்சா, பிரிஞ்சது உண்மைதானே?"

"அப்ப இஞ்சயே இரிக்கட்டா?"

"இருந்தா பிரிஞ்சிதான் இரிக்காய் எண்டுவாங்க."

போனாலும் குற்றம், இருந்தாலும் குற்றம். சுருட்டின பாயின் மேலேயே மீராசா குந்திவிட்டார். கடைசியில் மரைக்காரே வழி சொன்னார். மைமூனா திடலுக்கு வரட்டும். சல்மா உம்மாவையும் அங்கேயே சாப்பாட்டுக்குக் கூப்பிடுவோம். தன்ட கண்ணால பாக்கட்டும்.

ஞாயிறு காலை மைமூனா ட்ரெக்டர் பெட்டியில் வந்து இறங்கினாள். கூடவே சட்டி, பானை, ஆட்டிறைச்சி, அரிசி, ஒரு சாக்கு நிறையத் தேங்காய். மீராசாவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள்; அடுப்பை மூட்டினாள். மீராசா தேங்காய்ச் சாக்கைத் திருப்பி ட்ரெக்டரில் ஏற்றப் போனார்.

"என்ன செய்றீங்க?"

"இஞ்ச உள்ளதத்தான் சமைக்கோணும். வெளிச் சாமான் ஆகா."

"சம்பந்தக்காரருக்கு வெறும் பூசணிக்காயா? ஒரு கிழமையா மாடு திங்கிறதத் திண்டு புத்தியும் மாட்டுப் புத்தியாப் போச்சி!"

"என்ட பூசணிக்காயச் சொல்லாத கா!"

"தேங்காய்ப்பால் உடாம ஆக்கினா அது கறியா, வண்ணான் சாடித் தண்ணியா? வைங்க சாக்க!"

ஒரு முனையை அவர் இழுக்க மறுமுனையை அவள் இழுக்க, சாக்கு கிழிந்து தேங்காய்கள் திடலிலிருந்து உருண்டு வரம்புக்குப் போயின. அங்கே சல்மா உம்மா முக்காட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி ஹஸன், காலடிக்கு வந்த தேங்காயைக் குனிந்து எடுத்தார். பின்னால் மரைக்கார், எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

சல்மா உம்மா கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆர் சொன்ன இதுகள் பிரிஞ்சிட்டுதுகள் எண்டு? விட்டுட்டுப் போன மாப்புளயோட ஒருத்தி தேங்காய்க்கா இப்புடி இழுபடுவா? மைமூனா, இந்தக் காணி ஆருட?"

"எனக்கு வாப்பா தந்த சீதனம்."

"கேட்டியா ஹஸன்? கோவிச்ச ஆம்புள அவன்ட உம்மா ஊட்டுக்குப் போவான். பொஞ்சாதிட காணிக்கா வருவான்? இது கோவமில்ல. இது வேற என்னமோ நோவு."

மரைக்கார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். மீராசாவும் சொன்னார். ஆனால் சல்மா உம்மா சொன்ன சொல் உள்ளே போய்த் தைத்தது. வீடும் அவளுடையது, வந்து ஒளித்த இடமும் அவளுடையது. தன் காலில் நிற்கப் போகிறேன் என்று வந்து, அவளுடைய மண்ணிலல்லவா நின்றிருக்கிறார்.

என்றாலும் சல்மா உம்மாவின் மனசு இறங்கிய சந்தோசம் பெரிது. மைமூனா பூசணியைத் தேங்காய்ப்பால் விட்டே ஆக்கினாள். சல்மா உம்மா இறைச்சியை ஒதுக்கிவிட்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் பூசணியைச் சாப்பிட ஒருவர் கிடைத்த மகிழ்ச்சியில் மீராசா வாயைத் திறந்துவிட்டார். இந்த மண்ணில் எது போட்டாலும் பொன் என்றார். சூறாவளிக்கே அசையாத திடல் என்றார். வாய்க்கால் ஒரு வருசமும் வற்றியதில்லை என்றார். மைமூனா கண்ணைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை.

சல்மா உம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நாங்க நதீராக்குக் கட்டித்தாற ஊட்டோட காணும் எண்டுதான் இருந்த. இவ்வளவு நல்ல காணியெண்டு ஆருக்குத் தெரியும்? இதயும் நதீராட பேருக்கு எழுதிக் குடுங்க. கலியாணத்துக்கு நாளக் குறிப்பம்."

அப்போதுதான் மீராசா மைமூனாவின் கண்ணைப் பார்த்தார். எல்லோரும் மைமூனாவைப் பார்த்தார்கள். அவளுடைய காணி, அவள் சொல்ல வேண்டியது. மைமூனா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள்:

"இவர்ட வாயால சொன்னாத்தான். இவருக்கு இந்த இடத்தில ஒரு ஆசை இரிக்கு."

இத்தனை வருசக் குடும்பத்தில் காணிப் பேச்சில் அவரைப் பார்த்து ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. இல்லை என்று சொன்னால் மைமூனாவும் இல்லை என்பாள். அது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. மீராசா புளியமரத்தைப் பார்த்தார். கொடியில் இன்னும் பழுக்காத காய்களைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்புகிற மகளை நினைத்தார்.

"புள்ளைக்கு இல்லாத காணி என்னத்துக்கு? எழுதிக் குடு," என்றார்.

"அப்ப ஒண்டு," என்றார் சல்மா உம்மா. "எங்கட புள்ளைக்குச் சேறெண்டா ஆகா. காலில மண் பட்டாச் சொறிவான். காணி பாக்க நம்பிக்கையான ஆள் ஒண்டு வேணும். சம்பந்தி, நீங்களே இஞ்ச இரிங்களன்."

ஹஸன் சிரிப்பை அடக்கினார். மைமூனா அடக்கவில்லை. "பொஞ்சாதிட காணியில சும்மா இருந்தவருக்கு மகள்ட காணியில காவல் வேல. சம்பளம் பேசிக்கங்க."

"பூசணிக்காய்தான் சம்பளம்," என்றார் மீராசா.

அந்திக்கு முதல் ட்ரெக்டர் புறப்பட்டது. சல்மா உம்மாவும் ஹஸனும் மரைக்காரும் ஆளுக்கொரு காயோடு ஏறினார்கள். மைமூனா ஏறவில்லை.

"நீ போகல்லியா?"

"என்னண்டு போற? நீங்க இஞ்ச, நான் அங்க எண்டா நாளைக்கே மறுகாக் கதை கட்டுவானுகள். கலியாணம் முடியுமட்டும் நானும் இஞ்சதான். நதீராக்குத் துணைக்கு மூத்தவள் இரிக்காள்தானே."

சொல்லிவிட்டு அடுப்பைத் திசை மாற்றி வைத்தாள். வாடியைக் கூட்டினாள். கோழியை ஏசினாள். தண்ணீர்க் குடம் இருக்கிற இடமா இது என்று கேட்டாள். மீராசா மெல்லக் கழன்று வரம்புக்குப் போய்க் குந்தினார். உப்பு எங்க என்று கூப்பிட்டாள், சொன்னார். விளக்கு எங்க என்று கூப்பிட்டாள், சொன்னார். பிறகு சத்தம் நின்றுவிட்டது. தவளையும் காற்றும் மட்டும்தான். அவர் தேடி வந்த அமைதி, கையில் எடுத்துக்கொள்ளலாம் போலப் பக்கத்தில் இருந்தது.

கொஞ்சம் இருந்தார். திரும்பி வாடியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இருந்தார். எழும்பி, நடையும் ஓட்டமுமாகப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். மைமூனா சுவரோடு சாய்ந்து கால் நீட்டி இருந்தாள்.

"என்ன கா, சத்தத்தக் காணல்ல?"

"அமைதி வேணுமெண்டு வந்தவராச்சே, கொஞ்சம் வாயப் பொத்திப் பாத்தன். ஒரு வெத்தில போட்டு முடியிற நேரம் தாங்கல்லியே உங்களுக்கு. சரி, வந்ததோட வந்தீங்க, அந்தக் குடத்துக்குத் தண்ணி அள்ளுங்க."