செவ்வாய்க்கிழமை இராகு காலத்தில் ஒரு நட்சத்திரம்

இதை எழுதுவோமா விடுவோமா என்று நான்கு வருடம் யோசித்தேன். கோயிலுக்குப் போய்வருகிற மனிதன் சாமி காரியத்தைக் கேலி செய்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். கேலிக்குரியவன் நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்பது அதைவிடப் பெரிய பயம்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டில், மீன் தொழிற்சாலையின் அடியிலிருந்து வெளிச்சம் வரும் மேசைமுன் பதினொரு வருடம் நின்று, வெள்ளை மீன் துண்டுகளில் புழு தேடி எடுத்தேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து குரோருட்டில் குடியேறினோம். முதுகு நோவுக்கு டொக்டர் லீவு தந்து வீட்டில் இருந்த நாளில்தான் மகள் ஓர் இணையத்தளத்தைக் காட்டினாள். பெரிய தொலைநோக்கிகள் வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கின்றன. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, முன்பு இல்லாத புள்ளி இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். புள்ளி நகர்ந்தால் வால்வெள்ளியாக இருக்கலாம். நகராமல் ஏதாவது நட்சத்திரக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றால், அங்கே ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கலாம். முதலில் அறிவிப்பவரின் பெயர் பட்டியலில் ஏறும்.

"இதுவும் புழுப் பாக்கிறதுதான் அப்பா," என்றாள்.

மூன்று மாதத்தில் நான் கண்டுபிடித்தவை: பூமியைச் சுற்றும் சில செய்மதிகள், பல கமராப் பழுதுகள், கணினித் திரையில் ஒட்டியிருந்த ஒரு திருநீற்றுத் துகள். ஆனாலும் அந்தப் பட்டியலில் என் பெயரை ஒருதரமாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை தேவாரம் படிக்கும்போதுகூட உள்ளே புகுந்துகொண்டது.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது வந்தது. ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் மங்கலான வெள்ளைத் திட்டு; அதன் ஓரத்தில் சின்னப் புள்ளி. பழைய படத்தில் இல்லை. துடைத்தும் போகவில்லை. அறிவிப்புப் படிவத்தை நிரப்பி முடித்து நிமிர்ந்தால், மணி மூன்று. செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை இராகு காலம் அல்லவா? அனுப்பும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பா! அந்த நட்சத்திரம் வெடிச்சு எத்தினையோ கோடி வருசம். அது நாள் பாத்தே வெடிச்சது? கெதியா அனுப்புங்கோ!"

"நல்ல காரியம் பிள்ளை. ஒண்டரை மணித்தியாலத்திலை என்ன குடி முழுகப் போகுது?"

மூன்றரை தாண்ட மனைவி யன்னலைக் காட்டினா. "இஞ்சாருங்கோ, வெளியிலை இருட்டிப்போச்சு. சூரியனே போட்டுது. இனி ராகு ஆரைப் பிடிக்கிறதாம்?"

"பகிடி விடாதையும்," என்றேன்.

நாலரைக்குக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு, பொத்தானை அழுத்தினேன். பதில் உடனே வந்தது. அதே புள்ளியை நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வேறொருவர் அறிவித்துவிட்டார். மனைவி சிரித்திருந்தால் சண்டை பிடித்து ஆறியிருப்பேன். அவவோ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயரிடம் மனத்தாங்கலைக் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மூண்டு மணி எண்டு ஆர் சொன்னது?"

"ஊர்க் கலண்டரிலை அப்பிடித்தானே ஐயா."

"ராகு காலம் சூரிய உதயத்திலையிருந்து அஸ்தமனம் வரைக்குமான பகலை எட்டாப் பிரிச்சுக் கணக்குப் பாக்கிறது. மார்கழியிலை இஞ்சை சூரியன் எழும்பவே ஒன்பது தாண்டும், மூண்டு மணி கழிய விழுந்திடும். அண்டைக்கு ரெண்டரைக்கு முன்னமே ராகு காலம் முடிஞ்சுது. நீங்கள் காத்துக்கொண்டிருந்தது நல்ல நேரத்திலை."

வாசலில் சப்பாத்தைப் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆண்டவன் கண்ணையும் தந்து, புள்ளியையும் காட்டி, நேரத்தையும் துப்புரவாக ஒதுக்கித் தந்திருக்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது நான்.

இப்போது கோயில் அன்னதானத்தில் இந்தக் கதை வேறு வேறு விதமாகப் பரிமாறப்படுகிறது. ஒரு நட்சத்திரத்துக்கு என் பெயர் வைத்திருக்கிறார்களாம். இல்லை, சாமியை நம்பி ஏமாந்தேனாம். இரண்டும் பொய். நீங்கள் யாருக்காவது சொன்னால், தயவுசெய்து உப்புப் புளி சேர்க்காமல் உள்ளபடி சொல்லுங்கள்: நட்சத்திரம் என்னுடையது அல்ல, பிழை சாமியுடையது அல்ல.