கார்த்திகையில் எழுதி, தையில் கட்டியது

எங்கள் திருமணத் தேதி என்ன என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் கணவரின் நாட்டிலிருந்து, அவருடைய வரிப் படிவங்களைச் சரிபார்க்கும் கணக்காளர் அம்மா அனுப்பியது. ஒரே ஒரு வரிக் கேள்வி. அதற்கு எங்கள் வீட்டில் இரண்டு பதில்கள் இருந்தன என்பது அன்று வரை எனக்குத் தெரியாது.

என் கணவர் அமெரிக்கர். அந்த நாட்டுக்காரர் உலகத்தின் எந்த மூலையில் குடியிருந்தாலும் வருஷா வருஷம் வரிப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். கண்டி வாவிக்கு மேலே வளைந்து வளைந்து ஏறும் ஒரு தெருவில், வாடகை வீட்டு மாடியில் இருந்துகொண்டு பள்ளிக்கூடக் கணிதப் புத்தகங்களைத் திருத்துகிற மனிதரும் அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூன் பாதி வரை தவணை உண்டு. அவர் மே மாதமே சாப்பாட்டு மேசையைக் கடதாசியால் மூடிவிடுவார். நாங்கள் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுவோம். மழை வரும், போகும், மறுபடி வரும். கல்யாணமான பிறகு வந்த இரண்டாவது மே அது. முதல் தடவையாக என்னையும் அந்தப் படிவத்தில் எழுத வேண்டியிருந்தது.

தாலி கட்டிய தை மாதத்துத் தேதியை அவர் உடனே தட்டி அனுப்பினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மறுநாள் அந்த அம்மா திரும்ப எழுதினார்: சான்றிதழில் உள்ள தேதிதான் வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒரு பிரதியும் வேண்டும். அலுமாரியைத் திறந்து சான்றிதழை எடுத்தேன். அதில் நவம்பர் என்று இருந்தது. கார்த்திகை. தாலி ஏறுவதற்குப் பத்து வாரம் முன்னால்.

இத்தனைக்கும் நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். ஊராரின் பிறப்பையும் இறப்பையும் கல்யாணத்தையும் மொழி மாற்றி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிறவள். கல்யாணச் சான்றிதழின் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என்னுடையதை மட்டும், வாங்கி மடித்து வைத்த நாளிலிருந்து விரித்துப் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் எழுத்து வேறு, கல்யாணம் வேறு. பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போடுவது எழுத்து, அது சட்டத்துக்கு. தாலி கட்டுவது கல்யாணம். அது சாமிக்கு, சனத்துக்கு, அம்மாவுக்கு. ஒரே நாளில் இரண்டையும் முடிக்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு அது வாய்க்கவில்லை. அவர் மணமாகாதவர் என்று அவருடைய நாட்டிலிருந்து எடுத்த கடதாசி காலாவதியாவதற்குள் எழுத்தை முடிக்க வேண்டியிருந்தது. கத்தாரில் வேலை செய்யும் என் தம்பிக்குத் தையில்தான் லீவு. நடுவில் மார்கழி. மார்கழியில் எங்கள் வீட்டில் ஒரு கதிரைகூட வாங்க மாட்டார்கள்.

எழுத்து முடிந்து பதிவாளர் கந்தோர்ப் படியில் இறங்கும்போது, சாட்சிக் கையெழுத்துப் போட்ட கையாலேயே முந்தானையைச் சரிசெய்துகொண்டு அம்மா அவரிடம் சொன்னார்: "தம்பி, இப்ப நீங்க வத்தேகமைக்குப் போங்க. தையில மாப்பிள்ளையா வாங்க."

வத்தேகமையில் அவர் ஓர் அறை எடுத்திருந்தார். நான் கலஹாவில் அம்மாவோடு இருந்தேன். வேலை கண்டியில். சாயங்காலம் நான் கந்தோரை விட்டு வரும்போது அவர் பஸ் நிலையத்தில் நிற்பார். பேராதனைச் சந்தி வரை என்னோடு வந்து, கலஹா பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, அதே பாதையில் கண்டிக்குத் திரும்பி, அங்கிருந்து வத்தேகமைக்குப் போவார். அவருக்கு நேர் எதிர்த் திசை. நாற்பத்து நாலு வயதுப் பெண்ணும் ஐம்பது வயது ஆணும், கையில் அரசாங்க முத்திரை குத்திய சான்றிதழோடு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். எங்கள் குடித்தனம் அப்போது அவ்வளவுதான்.

கலஹாவில் வாய் சும்மா இருக்குமா? ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரர்களை அழைத்த சொல்லால், தொர எப்ப வர்றாரு, தொரசாணி ஆயிட்டீங்களா இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி தண்ணிக் குழாயடியில் என்னைச் சீண்டுவாள். அம்மா உள்ளேயிருந்தே பதில் சொல்வார்: "தொரயும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. இப்போதைக்கு ஒரு தம்பி."

அந்தப் பத்து வாரத்தில் ஒரு நாள், எனக்குப் பயம் வந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை. விடியற்காலையில் விழித்து, கறுப்புத் தேத்தண்ணியோடு எனக்கென்று ஏதோ எழுத உட்கார்ந்தவளுக்கு, இந்த மேசைக்கு எதிரே இனி ஒருவர் இருப்பார் என்று தோன்றியது, அவ்வளவுதான். இருபது வருஷமாக என் விடியற்காலைகளை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. மலையில் மூடுபனி ஏறி இறங்குவது, ஒரு சொல் வந்து, நின்று, பிடிபடாமல் போய்விடுவது, எல்லாம் எனக்கு மட்டும் நடந்தவை. அன்று சாயங்காலம் பேராதனைச் சந்தியில், பஸ் வரத் தாமதமானபோது, அவரிடம் அதைச் சொன்னேன். சொல்லச் சொல்லத் தைரியம் கூடியது.

"எழுத்துத்தானே முடிஞ்சிருக்கு," என்றேன். "தாலி இன்னும் ஏறல. நான் வேணாம்னு சொன்னா, அதோட முடிஞ்சிது."

அவருக்குத் தமிழ் நன்றாக வரும், அவசரப்படாத தமிழ். "சரி," என்றார். "தை வரைக்கும் நேரம் இருக்கு. அது வரைக்கும் கல்யாணம் ஆயிடுச்சுன்னு நான் எண்ணிக்க மாட்டேன்."

கலஹா பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டேன்.

தையில் தாலி ஏறியது. அம்மா அன்று காலை பத்தரைக்கு முதல் தடவையாக அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். எதிர்மேசைக்காரர் என் விடியற்காலையில் எழும்புவதே இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. எட்டு மணிக்கு முன்னால் கண் திறக்க மாட்டார். கதை அங்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது அந்தச் சான்றிதழை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, போன வருஷம் அனுப்பிய படிவத்தை எடுத்துக் காட்டினார். அவர்களுடைய சட்டத்தில் வருஷத்தின் கடைசி நாள்தான் கணக்கு. டிசம்பர் முப்பத்தோராம் தேதி நீ மணமானவனா இல்லையா என்று கேட்கிறது படிவம். எழுத்து நடந்த அந்த வருஷத்துக்கு, மணமாகாதவர் என்ற கட்டத்தில் அவர் அடையாளம் போட்டிருந்தார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதானே சொன்னீங்க," என்றார்.

கணக்காளர் அம்மா இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் சிரிப்பு தெரியவில்லை. சட்டத்துக்குப் பதிவு நாள்தான் கல்யாண நாள், பழைய படிவத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும், வரியில் ஒரு சதமும் மாறாது என்று எழுதினார். சதம் மாறாவிட்டால் விட்டுவிடலாமே என்றேன். என் கணவர் கேட்கவில்லை. இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்லி அதன் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார். கடைக்காரர் கூடக் கொடுத்த இரண்டு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் பஸ்ஸிலிருந்து இறங்கிய மனிதர் அவர். அவரிடம் இதில் வாதாட முடியாது.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது. படிவம் திருத்துவது அவருடைய உறுதிமொழியைச் சரிசெய்யும், சரி. என் பத்து வாரம் என்ன ஆவது? இன்னும் யாருக்கும் மனைவியாகாத நான், ஒரு சந்தியில் நின்று, வேண்டாம் என்று சொல்லக்கூடியவளாக இருந்த நாட்கள் அவை. என் ஆயுளில் அவ்வளவு தெளிவாக நான் எனக்கே சொந்தமாக இருந்த காலம் வேறில்லை. எங்கோ ஒரு கந்தோரில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அடையாளத்தை மாற்றினால், அந்த நாட்களில் நான் ஏற்கெனவே மனைவி. சந்தியில் நான் பேசியது வெறும் வீம்பு. அதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம்.

என் சான்றிதழை நானே மொழிபெயர்த்து முத்திரை குத்தக் கூடாது. கந்தோரில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் கொடுத்தேன், அவரும் மொழிபெயர்ப்பாளர்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசித்தார்.

"என்ன இது, கார்த்திகை எண்டு கிடக்கு? நான் தையில வந்தெல்லோ பலகாரம் சாப்பிட்டனான்."

எழுத்து முந்தியே நடந்துவிட்டது என்றேன்.

"ஓம், அப்ப தை வரைக்கும் என்னட்டை கலியாணமாகாத குமர்ப்பிள்ளை மாதிரி நடிச்சிருக்கிறீர்," என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். பிறகு, நான் சிரிக்காததைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "கடதாசி தன்ரை நாளை வைச்சிருக்கட்டும். நீர் உம்மடை நாளை வைச்சிரும். ரெண்டுக்கும் என்ன சண்டை?"

சண்டை இருந்தது. இரண்டு நாள் மேசைப் பக்கமே போகவில்லை. கலஹாவுக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவிடம் சொன்னேன். அவங்க நாட்டுல என்னத்த வேணும்னாலும் எழுதிக்கட்டும், நான் உன்னக் கூட்டி அனுப்புனது தையில, என்று சொல்லிவிட்டு, பஸ் கட்டணம் ஏறினதைப் பற்றிப் பேசப் போய்விட்டார். அம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. எனக்குத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் என்னைக் கூப்பிட்டார். திருத்தப் படிவத்தின் கடைசியில் ஒரு பெட்டி: ஏன் திருத்துகிறீர்கள் என்று விளக்கம் எழுத வேண்டும். அவர் எழுதியிருந்ததை ஒரு தடவை பார்த்துக் கொடுக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம். தமிழில் இப்படி வரும்: அந்த வருடத்தின் கடைசி நாளில் என் மனைவி இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அவர் முடிவு செய்யும் முன் என்னை மணமானவன் என்று எழுதிக்கொள்ள எனக்கு உரிமையில்லை என்று எண்ணினேன்.

வாசித்தேன். திரும்ப வாசித்தேன். ஒரு நாட்டின் வரிக் கந்தோரில், ஆயிரம் ஆயிரம் படிவங்களுக்கு நடுவே, முகம் தெரியாத ஒருவர் இதை எடுத்துப் படிக்கப் போகிறார். என் பத்து வாரத்தை ஒரு மனிதர் தன் உறுதிமொழியின் கீழ் எனக்காக எழுதிவைத்திருந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே விட முடியாது.

"இதுல முதல் வரி பொய்," என்றேன்.

"எது?"

"நான் முடிவு பண்ணிட்டேன். அன்னைக்கே. நீங்க எண்ணிக்க மாட்டேன்னு சொன்னீங்களே, பஸ்ல ஏறி உக்காரும்போதே முடிஞ்சிது."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப ஏன் சொல்லல?"

"தை வரைக்கும் நேரம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான் தினம் பயந்துகிட்டே பஸ்ல வந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நல்லா இருந்துச்சு," என்றேன். "அப்பிடி ஒருத்தர் எனக்காகப் பயந்தது இல்ல."

அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். நான் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன். அவருடைய இரண்டு வாக்கியத்தையும் அழித்துவிட்டு, பதிவு நடந்த நாளையும், அந்த நாளிலிருந்து நாங்கள் மணமானவர்கள் என்பதையும் ஒரே வரியில் எழுதினேன். என் தொழிலில் இதைவிடச் சுருக்கமாக எதையும் எழுதியதில்லை. எழுதும்போது கை தயங்கவில்லை. கட்டத்தை மாற்றச் சொன்னது சட்டம். மாற்றலாம் என்றது நான். டிசம்பர் முப்பத்தோராம் தேதி நான் அவருடைய மனைவிதான். அவருக்கு மட்டும் அது தெரியாது.

இன்னொரு கேள்வி மீதி இருந்தது. நான் விரும்பினால் என்னை அந்த நாட்டில் வசிப்பவளாகக் கருதும்படி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கேட்கலாம். பிறகு என் முத்திரைச் சம்பாத்தியமும் சேர்ந்து ஒரே படிவமாகப் போகும். விரும்பாவிட்டால் அவர் தனியாக அனுப்புவார். என் வரி எண் இருக்க வேண்டிய இடத்தில், அங்கே வசிக்காத அந்நியர் என்பதற்கு மூன்று எழுத்து வரும். உங்கள் இஷ்டம் என்றார். யோசிக்க நேரம் வேண்டுமா என்றும் கேட்டார்.

மலையகத் தமிழர் பலரைப் போல என் அப்பா, இந்த நாட்டின் பிரஜாவுரிமைப் புத்தகத்தில் பெயர் ஏறுவதற்குப் பாதி ஆயுள் காத்திருந்தவர். ஏறியது. எனக்கு அந்த ஒன்று போதும்.

"நேரம் வேணாம்," என்றேன். "என்னை அந்நியர்னே போடுங்க. உங்க வீட்டுல இருக்கிற அந்நியர்."

மூன்று எழுத்தைத் தட்டினார். இரண்டு வருஷத்துப் படிவங்களையும் அச்செடுத்து வந்து, மேசையில் இடம் ஒதுக்கி, பேனாவைத் தேடினார். அவருடைய கையெழுத்து மட்டும்தான் தேவை. வெளியே மழை விட்டிருந்தது. தபால் கந்தோர் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் கடைசிப் பக்கத்தில் பெயரை எழுதி முடிக்கும் வரை வாசலில் நின்றேன்.