இரண்டாவது பார்சல்

சிலாபம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் மடியிலிருந்த பையை அடிக்கடி தூக்கி முகர்ந்து பார்த்தார். ஒட்ட வெட்டிய நரைத்தலை, கழுத்துவரை பூட்டிய சட்டை. மாம்புரிக்காரர், பொலிஸில் வேலை.

"என்ன அண்ணன், சோறு பழுதாப் போச்சா?"

"இல்ல தம்பி. மறியல்ல அடைபட்டிருக்கிற மச்சானுக்குக் கொண்டுபோறன். டைனமைட் அடிச்சு மீன் பிடிச்சவன். நான்தான் பிடிச்சுக் குடுத்தன். சொந்தமெண்டு விட்டா, பிறகு அந்த யூனிபோர்ம போட ஏலுமா?"

அன்றிலிருந்து மனைவி அவரோடு கதைப்பதில்லை, அவருக்குச் சமைப்பதுமில்லை. சிறையிலிருக்கும் தன் தம்பிக்கு மட்டும் சோறு கட்டி மேசையில் வைத்துவிடுவாராம்.

"அப்ப அவங்கட சாப்பாடே உங்களுக்கு இல்லையா?"

"கொண்டுபோற ஆள் முதல்ல ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டோணும். அதுதான் மறியல் வாசல் வழக்கம். எனக்கு அந்த ஒரு வாய்தான்."

பையை விரித்துக் காட்டினார். உள்ளே இரண்டு பார்சல்கள்.

"எப்பவும் ஒண்டுதான் இருக்கும். இண்டைக்கு ரெண்டு. ஒண்டில கருவாட்டுப் பொரியல் மணக்குது. மச்சான் கருவாடு தொடவே மாட்டான்."

எத்தனையோ களவுக்குத் துப்புப் பிடித்த மனிதர், இந்த ஒரு துப்பை நம்பத் துணியாமல் பையை மறுபடியும் முகர்ந்தார்.