பதாகையில் போட்ட விலை

சாம்பல்தீவில் பழைய லப்டொப் வாங்கப் போகிற எவரும் இன்பமலர் ரீச்சரிடம் காட்டாமல் காசைக் கொடுக்கமாட்டார்கள். டவுனில் கணினி திருத்துகிற ஒரு கடையில் பதினொரு வருசம் வேலை செய்தவள். இப்போது மாதா கோயில் மண்டபத்தில் இருபத்துமூன்று பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறாள். திரை பளபளப்பதெல்லாம் அவளிடம் எடுபடாது. பொருளைக் கவிழ்த்து அடிப்பக்கத் திருகாணிகளைப் பார்ப்பாள், திரையை மடிக்கும் பிணைச்சலை ஆட்டிப் பார்ப்பாள், பத்து நிமிடத்தில் விலையைச் சொல்லிவிடுவாள். விற்கிறவனுக்கு வயிறு எரியும். வாங்குகிறவன் ஒரு தேத்தண்ணியோடு நன்றியை முடித்துக்கொள்வான். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பொய் விலை சொல்கிறவனைக் கண்டால் மட்டும் பொறுக்கமாட்டாள்.

அப்படிப்பட்டவளின் மண்டபத்தில்தான் போன மாசி மாதம் பத்து லப்டொப் வந்து இறங்கின. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கம் ஒன்றின் அன்பளிப்பு. சங்கத் தலைவர் இக்னேசியஸ் இதே ஊரில் பிறந்து முப்பது வருசமாகச் சுவிஸில் இருப்பவர். தன் கையால் கொடுக்கவென்று குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். பெட்டிகளைப் பிரிக்க முதலே பதாகை கட்டியாகிவிட்டது. ‘பதினேழரை இலட்சம் ரூபா பெறுமதியான நவீன தொடுதிரைக் கணினிகள்’ என்று எழுதி, கணினியின் படத்தைவிட இக்னேசியஸின் முகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் இன்பமலர் பெட்டிகளைத் திறந்தாள். திரையை முழுக்கப் பின்னால் மடித்துச் சிலேற்றுப் போலக் கையில் பிடிக்கக்கூடிய வகை. எட்டு வருசமாவது இருக்கும், வந்த காலத்திலேயே மலிவுச் சாமான். அடியில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தின் இலக்கம் ஒட்டியிருந்தது. யாரோ சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள், போகவில்லை. நினைவகத்தைக் கூட்ட வழியில்லை, புது விண்டோஸும் ஏறாது. இரண்டில் பிணைச்சல் ஆடியது, ஓரிடத்தில் தொட்டால் வேறெங்கோ திறந்தது. மற்ற எட்டையும் அவள் தள்ளிவிடவில்லை. கூடாரம் போல மேசையில் நிறுத்திவிட்டால் ஒரு பிள்ளை பாடம் வாசிக்கலாம், விரலால் படம் கீறலாம், தமிழில் தட்டச்சுப் பழகலாம். அந்த எட்டில் ஒன்று பதினெட்டாயிரம் போகும், ஆடுகிற இரண்டுக்கும் சேர்த்து ஆறாயிரம். பதாகைக் கணக்கிலோ ஒன்று ஒன்றேமுக்கால் இலட்சம். பத்தையும் சேர்த்து விற்றாலும் அந்த ஒன்றின் விலை வராது.

பழையதைக் கொடுப்பது குற்றமா? பழையது என்று சொல்லித் தந்திருந்தால் அவள் கும்பிட்டு வாங்கியிருப்பாள். அவளுக்கு இரத்தம் கொதித்தது, அதே பதினேழரை இலட்சத்தை எழுதி அவளுடைய கையெழுத்துக்காக வைத்திருந்த பற்றுச்சீட்டைக் கண்டபோதுதான். வசதி குறைந்த நிலையங்களுக்கு வேறொரு நிறுவனம் ஆறு புதுக் கணினி கொடுக்கிறது. மூன்று மாதம் நாயாய் அலைந்து அதற்கு விண்ணப்பம் தயாரித்து வைத்திருந்தாள். இரண்டு வருசத்துக்குள் பத்து இலட்சத்துக்கு மேல் உதவி பெற்ற இடத்துக்கு அது கிடையாது, பெற்றவற்றின் பற்றுச்சீட்டுகளையும் இணைக்க வேண்டும். இந்தப் பொய்க்குக் கையெழுத்து வைத்தால் பிள்ளைகளின் ஆறு கணினியும் போச்சு. கழித்த சாமானைத் தலையில் கட்டிவிட்டு, வரப்போகிற நல்லதையும் தட்டிப் பறிக்கிறார்களே என்று அவளுக்கு இரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்கு ஏற முதல் கோயில் பாதரிடம் விசயத்தைச் சொன்னாள்.

“வந்தவரின்ர மனம் நோகக்கூடாது, ரீச்சர். கையெழுத்தை வச்சுவிடுங்கோ” என்றார் பாதர்.

“அவரின்ர மனம் நோகுமெண்டு பிள்ளையளின்ர சாமானை விட்டுக்குடுக்க ஏலாது, பாதர்.”

இக்னேசியஸ் அரை மணித்தியாலம் ஊர்ப்பாசம் பற்றியும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தன் மகளைப் பற்றியும் பேசினார். ஒலிவாங்கியைக் கையில் வைத்தபடியே பேனையை நீட்டினார். படம் எடுக்கிறவர் முன்னுக்கு வந்து நின்றார்.

“தங்கச்சி, இதில ஒரு கையெழுத்து.”

“அண்ணா, இந்த விலை பிழை. பத்தும் சேர்த்து ஒண்டரை இலட்சம்தான் வரும். அப்பிடி மாத்துங்கோ, நன்றியும் எழுதிக் கையெழுத்து வைக்கிறன்.”

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. “நாங்கள் அன்போட தாறம். நீங்கள் விலை பார்க்கிறியளோ?”

“விலை போட்டது நாங்களில்லை, அண்ணா.”

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. நன்றி கெட்டவள் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்களே அப்படிச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. கொடுக்கிறவன் பொய் சொல்லலாம், வாங்குகிறவள் வாயைத் திறக்கக்கூடாது, இது எந்த ஊர் நியாயம்? ஆனாலும் அவள் குரலை உயர்த்தவில்லை.

“உங்கட மகள் கம்பசில படிக்கிறா எண்டு இப்பதான் சொன்னனீங்கள். ஒண்டேமுக்கால் இலட்சம் குடுத்து இதில ஒண்டை அவவுக்கு வாங்குவியளோ?”

இக்னேசியஸ் யோசிக்கவே இல்லை. “விசர்க்கதை கதையாதேங்கோ தங்கச்சி. அவள் இதை வச்சு என்னத்தைப் படிக்கிறது?”

ஒலிவாங்கி அவர் கையில்தான் இருந்தது. கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது. அதை வைத்துப் படிக்க வேண்டிய இருபத்துமூன்று பிள்ளைகளும் வெள்ளை உடுப்போடு முன்வரிசையில் இருந்தார்கள்.

இன்பமலர் அவருடைய விரல்களுக்குள் இருந்த பேனையை எடுத்தாள். பதினேழரையை வெட்டி, மேலே ஒன்றரை என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.