காரவள்ளி ஏரியில் மண் விழுகிறது

செம்மேடு போகும் பஸ் காரவள்ளியில் ஏரிக்கரையோரம் நிற்கிறது; டீ குடிக்க இறங்குகிறேன். புது ரோட்டுக்காக லாரிகள் ஏரியில் மண் கொட்டுகின்றன. பங்குனி பிறந்தும் வடக்கே திரும்பாத வலசை வாத்துகள், மண் விழும்போதெல்லாம் எழுந்து வட்டமடித்து, இன்னும் தள்ளிப்போய் இறங்குகின்றன. உள்ளூர் ஆட்காட்டிக் குருவி ஒன்று மட்டும் நகரவில்லை. பின்னோக்கி வரும் லாரியைப் பார்த்து விடாமல் கத்துகிறது.

“தரையில முட்டை வச்சிருக்குதுங்க” என்கிறார் டீக்கடை ஜமீலா. கொதிக்கும் பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடி, லாரிக்குப் பின்னால் நிற்கிறார்.

“தள்ளுங்கக்கா!” டிரைவர் கத்துகிறார்.

“அந்தப் பக்கம் கொட்டு சாமி. குஞ்சு பொரிக்கட்டும்.”

முணுமுணுத்தபடி அவர் வண்டியைத் திருப்புகிறார். குருவி முட்டைமேல் உட்காருகிறது.

“நாளைக்கு என்னங்க செய்வீங்க?” என்கிறேன், கடைக்குத் திரும்பும் ஜமீலாவிடம்.

“நாளைக்கும் வந்து நிக்கோணுமுங்க.”

பஸ் ஹாரன் அடிக்கிறது. அடுத்த லாரி கரையில் ஏறுகிறது. ஜமீலா மறுபடியும் ஓடுகிறார்.