குளிரக் கூடாத ரத்தம்

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'விடாக்கண்டி'. பன்னிரண்டு வருடமாக மருந்தே இல்லாமல் எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைத்திருக்கும் ஒரு தையல்காரம்மாவின் ரத்தத்தை அவள் ஆராய்ந்துவந்தாள். அதிலிருக்கும் வெள்ளை அணுக்கள் எப்படிச் சண்டை போடுகின்றன என்று பார்க்க, அவை உயிரோடு வந்து சேர வேண்டும்; குளிர்ந்தால் துவண்டுவிடும்.

அன்று ரத்தம் வந்த பெட்டியைத் திறந்தால், கண்ணாடிக் குழாய்கள் ஐஸுக்குள் புதைந்து கிடந்தன. அணுக்கள் எதற்கும் உதவவில்லை.

"யாரு ஐஸ் வெச்சது?"

"நான்தான் மேடம்," என்றார் பெட்டியைக் கொண்டுவந்த வேன் டிரைவர். "கிருமி வெறச்சுப் போகட்டும்னுதான். நானும் பிள்ளகுட்டிக்காரன்."

"குளிருக்குக் கிருமி சாகாதுண்ணே. அத எதுத்து நின்ன அணுதான் செத்துச்சு. மூடின குழாய்லேருந்து உங்க மேல தாவ அது என்ன தவளையா?"

அவர் தலையைச் சொறிந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர்மேல் அல்ல. இதே பயத்தைக் காரணம் காட்டித்தான் தையல்காரம்மாவை வாடகை வீட்டிலிருந்து துரத்தியிருந்தார்கள்.

மறுவாரம் அந்த அம்மாவிடமே போய் நின்றாள். "அக்கா, பாழாயிடுச்சு. இன்னொரு தடவ குடுப்பீங்களா?"

"எடுத்துக்கம்மா. எனக்காகவே சண்ட போட்டுட்டிருக்கு, நாலு பேருக்கும் உதவட்டுமே."

இந்த முறை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவரின் பக்கத்து இருக்கையிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"பயமா இருந்தா பின்னாடி போயிடறேண்ணே."

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஏசியை அணைத்தார்.

"இங்கயே இருங்க மேடம். அதுக்குக் குளிரக் கூடாதுல்ல?"