லாக் இல்லாமல் திறக்கும் எழுத்து

அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையில், அச்சுக்கு எழுத்து கோர்த்துக் கொடுக்கும் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை. மாலையில் கடையடைக்கும் முன்பு, அங்கிருந்த கம்ப்யூட்டரில் எனக்காக எதையாவது தட்டி வைப்பேன். மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது, ரப்பர் தோட்டத்தில் மரம் விழுந்தது, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது என்று, அம்மா இருந்தால் அவளிடம் சொல்லியிருக்கக்கூடியவை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்தைப் பார்க்க எனக்கே கூச்சம். திரையில் அந்தக் கூச்சம் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. சென்டரில் பெரும்பாலும் மலையாள வேலைதான். எப்போதாவது வரும் தமிழ்க் கல்யாணக் கார்டுக்கும் சர்ச் நோட்டீஸுக்குமாக ஒரு தமிழ் மென்பொருள் இருந்தது. கம்ப்யூட்டரின் பின்னால் தீப்பெட்டி போல ஒரு லாக் செருகியிருக்கும். அதைப் பிடுங்கினால் மென்பொருள் திறக்காது.

ஒருநாள் முதலாளி வந்து உட்கார்ந்தார். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"எலே மக்கா, எனக்கு விசா வந்தாச்சு. வாற மாசம் மெஷின் எல்லாத்தையும் வித்துட்டுக் கெளம்புறேன். ஒனக்க எழுத்து எதாவது உண்டுன்னா பிளாப்பியில எடுத்துக்கோ."

"லாக்கு?"

"அது வாங்குறவனுக்கு ஆக்கும்."

"அப்போ நான் எங்க போய்த் தொறக்க?"

"அதுல என்னலே இருக்கு, வீட்டுக்க கிரயப் பத்திரமா?"

நானும் சிரித்துவைத்தேன். வேறு இடத்தில் திறக்கிறதா என்று பார்க்க, எழுதியதை ஒரு பிளாப்பியில் எடுத்தேன்.

பிளாப்பியைப் பாலித்தீனில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். எஞ்சினில் காந்தம் இருந்து எல்லாவற்றையும் அழித்துவிடுமோ என்று கடைசிவரை பின்வாசலிலேயே நின்றேன். அங்கிருந்த சென்டரில் என் வயதுள்ள ஒரு பெண், பிளாப்பியைப் போட்டுத் திறந்தாள். டாலர் குறிகளும் கேள்விக்குறிகளுமாக வந்தது. உதவுவதாக நினைத்து அவள் ஒரு மலையாள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாள். திரை முழுக்க மலையாளம். இருவருக்கும் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படித்தோம். ஒரு சொல்லும் சொல்லாகவில்லை.

"சேட்டா, இது ஏது நாட்டிலே பாஷையா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "இங்கிலீஷ் ஆணெங்கில் எவிடேயும் துறக்கும்," என்றாள். ஆங்கிலமென்றால் எங்கும் திறக்குமாம்.

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. அந்த மென்பொருளில் தமிழ் வரவேண்டுமென்றாலும் நான் தட்டுவது ஆங்கில எழுத்தைத்தான்; ammaa என்று தட்டினால் அம்மா என்று வரும். தமிழை அணைத்துவிட்டு அதே விசைகளைத் தட்டி, வெறும் டெக்ஸ்டாகச் சேமித்தால் எழுத்துருவும் வேண்டாம், லாக்கும் வேண்டாம்.

அந்த மாதம் முழுக்க, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மேல்பாதித் திரையில் தமிழைப் பார்த்துக் கீழ்ப்பாதியில் தட்டினேன். அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"எந்தப் பெண்ணுக்குலே லெட்டர்?"

"ஆருக்கும் இல்லண்ணே."

"பின்ன எதுக்கு இப்பிடி வேர்த்துக் கொட்டுது? ராக்கெட்டா விடப்போற?"

ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பிளாப்பிகளில் சேமித்தேன். சேமித்ததை மறுபடி திறந்து பார்த்தேன். மூடியதும் சந்தேகம் வந்து இன்னொரு தடவை திறந்தேன்.

மெஷின் போன மறுநாள் மறுபடி நெய்யாற்றின்கரை. அதே பெண். பிளாப்பியைப் போட்ட உடனே திறந்தது. வரிசை வரிசையாக ஆங்கில எழுத்து, ஒன்றும் கெடவில்லை. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அவளோ முதல் வரியை மலையாள இழுப்போடு சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

"இன்னைக்கும் மழை. ஒருத்தனுக்குச் சோறு வைக்க இன்னும் கை வரல்ல. மிஞ்சிப் போச்சு."

இதையெல்லாம் இன்னொருவர் வாயால் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கும் திறக்க வேண்டும் என்று மட்டும்தான் கவலைப்பட்டிருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்து, "சேட்டன்றே வீட்டில் வேறே ஆரும் இல்லே?" என்றாள்.

"உண்டு, உண்டு," என்று சொல்லிப் பிளாப்பியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன்.